தானாகச் சரியாகாத தலை

காலை பத்து மணி வெயில் முற்றத்தில் இறங்கியிருக்கிறது. முக்காலி போட்டு, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் பாட்டி. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே குப்புறக் கிடக்கிறது பேரப்பிள்ளை, ஒன்றரை மாதம். எண்ணெய் ஊறிய உடம்பில் பயத்தமாவைத் தேய்த்துத் தேய்த்து உருவ, மகள் வெந்நீரை மொண்டு ஊற்றுகிறாள். முதுகு, தொடை, பிடரி என்று வந்த பாட்டியின் கை, உச்சந்தலைக்கு வந்ததும் நிற்கிறது.

“ஏண்டி, நடு மண்டையில வரப்பு மாதிரி மேடா ஓடுதே, கவனிச்சியா?”

“பொறந்தப்பவே இருந்துச்சும்மா. வேக்கம் வச்சுத்தானே எடுத்தாங்க. தானா சரியாயிடும்னு நர்சம்மா சொன்னாங்க.”

“நெத்தியும் முன்னால தள்ளிக்கிட்டு வருதேடி.”

“அவருக்கும் அப்படித்தானே இருக்கு. அவங்க வீட்டு ஜாடை.”

பாட்டி அதற்கு மேல் பேசவில்லை. சாம்பிராணிப் புகை காட்டி, மை வைத்து, தூளியில் போட்டாயிற்று.

பெயர் போட முடியாத காட்சி இது. எந்த ஊரிலும், பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வீடுகளில் மகள் சொல்வதுதான் சரி. பிரசவப் பாதையில் நசுங்கி வந்த தலை சில நாட்களில் உருண்டுவிடும். வேக்கம் வைத்த இடத்து வீக்கம் வடிந்துவிடும். ஒரே பக்கமாகப் படுத்துத் தட்டையான மண்டையும், பிள்ளை புரண்டு தவழ ஆரம்பித்ததும் பெருமளவு சீராகும்.

ஆனால் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தச் சமாதானம் பலிக்காது. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே திறந்திருக்க வேண்டிய கோடுகளில் ஒன்று, பெரும்பாலும் கருவறையிலேயே எலும்பாக இறுகி ஒட்டியிருக்கும். மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 8 முதல் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. உலக விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால், ஆண்டுதோறும் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகள். இந்தத் தலைகள் வளர வளரச் சரியாவதில்லை. வளர வளரக் கோணுகின்றன.

திறந்திருப்பதற்குக் காரணம் உண்டு

பிறந்த குழந்தையின் மண்டையோடு தகடு தகடாகத்தான் இருக்கும். நெற்றியில் இரண்டு, உச்சியின் இரு பக்கமும் இரண்டு, பின்னால் ஒன்று. அவை சந்திக்கும் கோடுகளைத் தையல்கள் என்கிறோம். நெற்றித் தகடுகளும் பக்கத் தகடுகளும் கூடும் இடத்தில் விழும் மெத்தென்ற பள்ளம்தான் உச்சிக்குழி. பிரசவ நேரத்தில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலையைச் சுருக்கிக்கொடுப்பது இந்தத் தையல்களின் முதல் வேலை.

பெரிய வேலை அதற்குப் பிறகு. பிறக்கும்போது 34, 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு, ஒரு வயதில் 46 செ.மீ.யைத் தொடுகிறது. முதல் மூன்று மாதங்களில் மட்டும் மாதத்துக்கு 2 செ.மீ. அந்த ஒரு வருடத்தில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. உள்ளிருந்து மூளை தள்ளத் தள்ள, தையல் ஓரங்களில் புது எலும்பு சேர்ந்து ஓடு விரிகிறது. நடு நெற்றித் தையல் மட்டும் 3 முதல் 9 மாதத்துக்குள் முறைப்படி மூடிக்கொள்ளும். மற்றவை முழுதாக ஒட்ட, பிள்ளை ஆளாகிவிட வேண்டும்.

ஒன்று முந்திக்கொண்டால்? ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1851-லேயே விடை சொல்லிவிட்டார். மூடிய தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி நின்றுபோகும். இடம் தேடும் மூளை, அதே தையலின் நீளவாக்கில் ஓட்டைத் தள்ளும். இந்த ஒரு விதி போதும். தலையின் வடிவத்தைப் பார்த்தே எந்தத் தையல் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். ஸ்கேன் பெரும்பாலும் அதை உறுதிசெய்யத்தான்.

பெட்டிச் செய்தி: எந்தத் தையல், எந்த வடிவம்?

நடு உச்சி (சாஜிட்டல்): அதிகம் பார்க்கப்படுவது, பாதிப்புகளில் ஏறக்குறைய பாதி. தலை குறுகி, முன்னும் பின்னும் படகுபோல் நீளும். ஆண் குழந்தைகளே அதிகம்.

நடு நெற்றி (மெட்டோபிக்): மேலிருந்து பார்த்தால் நெற்றி முக்கோணம். கண்கள் நெருங்கியிருக்கும். நெற்றியில் வெறும் மேடு மட்டும் இருந்து, முக்கோணம் இல்லையென்றால் அது இயல்பான மூடல், கத்தி வேண்டாம்.

முன் குறுக்கு (கொரோனல்): ஒரு பக்கம் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, புருவம் மேலேறும், மூக்கு கோணும். பெண் குழந்தைகளுக்கு அதிகம். மாறுகண் என்று முதலில் கண் மருத்துவரிடம் போய் நிற்பவர்கள் இவர்களில் உண்டு.

பின்மண்டை (லாம்ப்டாய்டு): மிக அரிது. ஒரு பக்கப் பிடரி தட்டையாகும். படுக்கையால் வரும் தட்டையோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான்.

டேப் மட்டும் போதாது

தலைச்சுற்றளவை அளந்து, “நார்மல்தான்” என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. அளந்ததே பெரிய விஷயம் என்பது வேறு. ஆனால் நடு உச்சித் தையல் மூடிய குழந்தைக்கு அகலத்தில் குறைவது நீளத்தில் கூடிவிடும். சுற்றளவு சரியாகவே காட்டும்; சில குழந்தைகளுக்குக் கூடுதலாகக்கூட இருக்கும். டேப் சொல்லாததைக் கைதான் சொல்ல வேண்டும். தையல் கோட்டில் விரலை ஓட்டினால் அசையாத எலும்பு மேடு தட்டுப்படும். பிறந்த முதல் வாரத்தில் தகடுகள் ஏறிக்கிடப்பதாலும் மேடு இருக்கும். அது நாளாக ஆக இறங்கிவிடும். ஒன்றரை மாதத்திலும் இறங்காத மேடு யோசிக்க வேண்டிய மேடு.

உச்சிக்குழியைப் பற்றியும் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. குழி திறந்திருக்கிறது, அதனால் பயமில்லை என்பது ஒன்று. ஒரு தையல் முழுதாக மூடிய குழந்தைக்கும் உச்சிக்குழி திறந்தே இருக்கலாம். குழி சீக்கிரம் மூடிவிட்டது, ஆபத்து என்பது இன்னொன்று. தலை ஒழுங்காக வளர்ந்து, வடிவமும் சரியாக இருந்தால், கொஞ்சம் முன்னதாக மூடிய குழியால் கெடுதல் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தலைமுடியை நனைத்துவிட்டு, நேர் மேலேயிருந்து ஒரு செல்போன் படம். அடுத்த மாதம் இன்னொன்று. நாம் பிள்ளையின் முகத்தைத்தான் படமெடுக்கிறோம். மருத்துவருக்கு உதவுவது உச்சந்தலையின் படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், சரியாகிவரும் தலையா, கோணிவரும் தலையா என்பது தெரிந்துவிடும்.

தட்டைத் தலை வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். குழந்தைகளின் திடீர் தூக்க மரணத்தைத் தடுக்க, மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 1992-இல் அறிவுறுத்தியது. 1994-இல் அது நாடு தழுவிய இயக்கமானது. மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கூடவே பின்மண்டை தட்டையான குழந்தைகள் மளமளவென்று கூடினார்கள். அந்த விலை கொடுக்கத்தக்க விலைதான். மல்லாக்கப் படுக்கவைப்பதை யாரும் கைவிட வேண்டாம்.

படுக்கையால் தட்டையான தலையை மேலிருந்து பார்த்தால், தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும். பின்மண்டைத் தையல் மூடிய தலையில் அந்தக் காது பெரும்பாலும் பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். முதலாவதற்கு விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு விளையாடவிடுவதும், தலையைத் திருப்பும் பக்கத்தை மாற்றுவதும் போதும். பிள்ளை எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுக்கமா என்று பார்க்க வேண்டும்.

பெரிய நகரங்களில் இந்தத் தட்டைத் தலையைச் சீராக்கவென்று ஹெல்மெட் விற்கிறார்கள். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், மிதமானது முதல் தீவிரமானது வரை தட்டையான தலைக்கு ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள். கடுகுத் தலையணையும், உள்ளங்கையால் உருட்டி உருட்டி வட்டமாக்குவதும் அப்படித்தான். ஒட்டிய தையலை எந்தப் பாட்டியின் கையும் பிரிக்காது. நல்லவேளையாக, எந்தப் பாட்டியின் கையும் தையலை ஒட்டவைப்பதும் இல்லை.

கவனிக்காமல் விட்டால்

ஒற்றைத் தையல் மூடிய குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சிரிப்பார்கள், தவழ்வார்கள், பேசுவார்கள். அறிவுத்திறன் பெரும்பாலும் சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது. பேச்சிலும் கவனத்திலும் படிப்பிலும் சிறு பின்தங்கல் சற்று அதிகமாகத் தென்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அது தையல் மூடியதால் வருகிறதா, தையலை மூடவைத்த அதே காரணத்தால் வருகிறதா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சர்ச்சை. “வெறும் அழகுக்குத்தானே ஆபரேஷன்?” என்று கேட்கும் உறவினருக்கு ஒற்றை வரிப் பதில் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பாரிஸில் டொமினிக் ரெனியே குழுவினர் மூளை அழுத்தத்தை நேரடியாக அளந்து 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் தையல் மூடிய குழந்தைகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கும், பல தையல்கள் மூடியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கும் அழுத்தம் கூடியிருந்தது. இந்த அழுத்தம் சத்தம் போடாது. பெரிய பிள்ளைகளுக்குத் தலைவலி வரும். கைக்குழந்தை என்ன சொல்லும்? விழித்திரையைச் சோதித்தால் பார்வை நரம்பு வீங்கியிருப்பது தெரியலாம். வருடக்கணக்கில் விட்டால் அந்த நரம்பு வாடி, போன பார்வை திரும்பாது. ஒற்றைத் தையல்தானே என்று அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும் குடும்பம்கூட, கண் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

பிறகு பள்ளிக்கூடம். மருத்துவ நூல்கள் இதைக் கடைசி வரியில் எழுதும். பெற்றோருக்கு இதுதான் முதல் வரி. பட்டப்பெயர் வைப்பதில் நம் வகுப்பறைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடி வளர்ந்தால் நீண்ட தலை ஓரளவு மறையும். கோணிய நெற்றியும் ஏறிய புருவமும் மறையாது.

பெட்டிச் செய்தி: பழைய தலைகள்

ஸ்பெயினின் அட்டபுயெர்கா குகையில் கிடைத்த 4 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய மண்டையோடுகளில் ஒன்றுக்குப் பின்மண்டைத் தையல் முன்கூட்டியே மூடியிருந்தது. ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைக்கு வைத்த செல்லப்பெயர் பெஞ்சமினா. தலை கோணியிருந்தும் ஐந்து வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏதென்ஸ் ஆட்சியாளர் பெரிக்ளிஸின் நீண்ட தலையை, நாடகக் கவிஞர்கள் நரிவெங்காயத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்ததாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். சிற்பிகள் அவருக்குத் தலைக்கவசம் மாட்டியே செதுக்கினார்களாம். தையல் கோளாறாக இருக்கலாம் என்பது இன்றைய சிலரின் ஊகம்.

மூன்றாம் மாதக் கணக்கு

1890-ஐ ஒட்டிப் பாரிஸிலும் அமெரிக்காவிலும் மண்டையோட்டை வெட்டித் திறக்கும் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. மூளையே வளராததால் தலை சிறுத்த குழந்தைகளுக்கும், தையல் மூடிய குழந்தைகளுக்கும் வித்தியாசம் பாராமல் செய்தார்கள். பலர் இறந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடி ஆபிரகாம் ஜேக்கபி 1894-இல் கடுமையாகக் கண்டிக்க, பல பத்தாண்டுகளுக்குக் கத்தி ஓய்ந்தது. 1960-களின் கடைசியில் பிரான்ஸின் பால் டெசியே, மண்டையையும் கண்குழியையும் சேர்த்தே நகர்த்திச் சீரமைக்கலாம் என்று காட்டிய பிறகு இந்தத் துறை வேறாகிவிட்டது.

இன்று பெற்றோர் முன் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வழிகள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவரைவிடக் காலண்டர்தான் தீர்மானிக்கிறது.

குழந்தை மூன்று மாதத்தை ஒட்டி வந்துவிட்டால் எண்டோஸ்கோப் வழி. அமெரிக்காவில் ஜிமெனெஸ், பரோன் இருவரும் 1990-களில் கொண்டுவந்தது. உச்சியில் ஓரிரு சிறிய கீறல்கள், உள்ளே கேமரா, ஒட்டிய எலும்பைப் பட்டையாக வெட்டி எடுத்தல். ஒரு மணி நேரத்தை ஒட்டிய வேலை. ஓரிரு நாளில் வீடு. ஆனால் பாதி சிகிச்சை அதற்குப் பிறகுதான். அளவெடுத்துச் செய்த ஹெல்மெட்டை நாளுக்கு 23 மணி நேரம், பல மாதங்கள் மாட்டியிருக்க வேண்டும். மே மாத மதுரையில் அது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வியர்வை, வேர்க்குரு, “பிள்ளைய இப்படிக் கொடுமைப்படுத்துறீங்களே” என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கை அக்காவின் அங்கலாய்ப்பு. வளர வளர ஹெல்மெட்டைச் சரிசெய்ய வேண்டும். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதற்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கு வர வேண்டியிருக்கும். இந்த வழி தொழில்நுட்பத்தால் நிற்பதைவிடக் குடும்பத்தின் பொறுமையால்தான் நிற்கிறது.

ஆறு மாதம் தாண்டி வந்தால் எலும்பு தடித்திருக்கும். அப்போது திறந்த அறுவை சிகிச்சை. காதிலிருந்து காதுவரை வளைவு வளைவாகக் கீறுவார்கள். நேர்க்கோடாக இருந்தால் நனைந்த முடியில் வகிடுபோல் தழும்பு தெரியும் என்பதற்காக. எலும்பைத் தகடுகளாக எடுத்து, வெட்டி, வளைத்து, உடம்பிலேயே கரைந்துவிடும் பிளேட்டுகளால் பொருத்துவார்கள். நெற்றித் தையல்கள் என்றால் புருவ எலும்பையும் முன்னுக்கு நகர்த்துவார்கள். பல மணி நேரம் பிடிக்கும்.

இங்கே பெரிய எதிரி ரத்தப்போக்கு. 7 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் அரை லிட்டரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஒரு டம்ளர் ரத்தம் போனாலே கால்பங்குக்கு மேல் போய்விடும். அதனால் ரத்தம் ஏற்றுவது சகஜம். ட்ரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மருந்துகள் அந்தத் தேவையைக் குறைத்திருக்கின்றன. அனுபவமுள்ள மையங்களில் உயிராபத்து இன்று மிகக் குறைவு. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய ஒன்று: அறுவைக்கு மறுநாள் முகம் வீங்கி, இரண்டு கண்களும் திறக்க முடியாமல் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்து கண் திறக்கும். தெரியாமல் ஐ.சி.யு.வுக்குள் போகும் தாய் மயங்கி விழாமல் இருந்தால் ஆச்சரியம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, எலும்பை எடுத்த இடத்தில் மூளையுறை தானே புது எலும்பை உண்டாக்கிவிடும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறைந்து, இடைவெளிகள் இடைவெளிகளாகவே நின்றுவிடும்.

பழி யார் மேல்?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே ஒரு தையல்தான் மூடியிருக்கும். குறிப்பிட்ட காரணம் எதுவும் அகப்படாது. கர்ப்பத்தில் தாய்க்குத் தைராய்டு கோளாறு, வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து, கருவறையில் இட நெருக்கடி போன்றவை வாய்ப்பைக் கூட்டுவதாக அறியப்பட்டிருக்கிறது. (வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.) ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு இது மரபணுக் கோளாறின் அங்கம். குரூசோன், அப்பெர், ஃபைஃபர், முன்கே என்று விவரித்தவர்களின் பெயராலேயே அழைக்கிறார்கள். அப்பெர் குழந்தைகளுக்குத் தலைத் தையல்கள் மட்டுமின்றிக் கைவிரல்களும் கால்விரல்களும் ஒட்டியிருக்கும். நடு முகம் உள்வாங்கி, தூக்கத்தில் மூச்சு தடைபடும். இவர்களுக்கு ஒரு அறுவையோடு கதை முடியாது. வாலிபம்வரை நரம்பு, முகம், கண், காது, பல் என்று ஒரு குழுவே உடன்வர வேண்டும்.

இப்படி ஒரு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதலில் யாரைக் கேட்கிறார்கள்? “கிரகணத்துல வெளிய போனியா?” “பப்பாளி தின்னியா?” கேள்வி எல்லாம் மருமகளுக்கு. 1996-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, புதிதாக உண்டான அப்பெர் மரபணு மாற்றங்கள் 57-ஐ எடுத்து எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தவை என்று பார்த்தது. 57-உம் தந்தை வழி. ஆணின் வயது ஏற ஏற, விந்தணுவில் இந்த மாற்றம் கூடுகிறது. இதைச் சொல்வது பழியை மகனிடம் மாற்ற அல்ல. அவர் கையிலும் எதுவும் இல்லை. ஆனால் மருமகளை நிற்கவைத்துக் கேட்கும் கூடத்தில் இந்தக் கணக்கை யாராவது சத்தமாகப் படித்துக்காட்டலாம். அப்பெரைப் பொறுத்தவரை, பெற்றோர் இருவருக்கும் பாதிப்பு இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அப்பெரால் பாதிக்கப்பட்டவரே நாளை பெற்றோரானால், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு ஆலோசனை அதற்காகத்தான்.

பணமும் பட்டியலும்

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம், பிறந்த குழந்தையிலிருந்து 18 வயதுவரை இலவசமாகப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம். அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறவிக் குறைபாடுகள் 9. உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவி இதயநோய், பிறவிக் கண்புரை எல்லாம் உண்டு. மண்டையோட்டுத் தையல் அந்த ஒன்பதில் இல்லை. பட்டியலில் இல்லாததைக் களப்பணியாளர் தேட மாட்டார். அது அவர் குற்றமும் இல்லை.

தனியார் காப்பீடு வைத்திருப்பவருக்கு வேறொரு முள். நம் காப்பீட்டு விதிகள் பிறவிக் குறைபாடுகளை உள்ளே இருப்பவை, வெளியே தெரிபவை என்று பிரிக்கின்றன. வெளியே தெரிபவற்றைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. கோணிய தலை வெளியே தெரிகிறதுதான். ஆனால் மூளைக்கு இடம் கொடுக்கச் செய்யும் அறுவை அழகு சிகிச்சையா? நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அழுத்தம், பார்வை பற்றி நரம்பியல் அறுவை நிபுணர் எழுத்தில் கொடுக்கும் குறிப்போடு மேல்முறையீடு செய்யுங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், எந்த மருத்துவமனையில் எந்த அறுவைக்கு அனுமதி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. பெருந்தலைவலி தனியாரின் பில் என்றால், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவைப் பிரிவு இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் அரசுக்குச் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. இந்தியத் தடுப்பூசி அட்டவணைப்படி ஒவ்வொரு குழந்தையும் 6, 10, 14-ஆவது வாரங்களில் செவிலியரின் கைக்கு வருகிறது. எண்டோஸ்கோப் அறுவைக்கான வாசல் திறந்திருக்கும் காலமும் அதுவேதான். எடை பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில், தலையை மேலிருந்து ஒரு முறை பார்த்து, உச்சியில் விரலை ஓட்டிவிட்டுச் சுற்றளவையும் எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். புதுக் கருவி வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம்.

சுற்றறிக்கை வரும்போது வரட்டும். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஆறாவது வார ஊசிக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள். மேடு இறங்கவில்லை, வடிவம் மோசமாகிவருகிறது என்றால் “தானா சரியாயிடும்” என்ற பதிலோடு வீட்டுக்கு வராதீர்கள். குழந்தைகள் நரம்பியல் அறுவை நிபுணருக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.